சும்மா ஓடும் மோட்டாரின் வாட் கணக்கு: கிளாம்ப் சிக்னலில் ஒளிந்திருந்த இரண்டரை டிகிரி

கோவை கணபதிப் பக்கம் ஒரு சின்ன பிரஸ் ஷாப். ஐந்து பவர் பிரஸ்கள், ஒவ்வொன்றிலும் 10 குதிரைத்திறன் மோட்டார் பெரிய ஃபிளைவீலைச் சுற்றிக்கொண்டிருக்கும். தகடு வைத்து மிதித்தால்தான் வேலை. மற்ற நேரமெல்லாம் மோட்டார் சும்மா ஓடும். அப்படிச் சும்மா ஓடுவதற்கு எவ்வளவு கரண்ட் போகிறது என்பதுதான் ஓனரின் கேள்வி. பதில் பெரிதாக இருந்தால், ஆள் இல்லாதபோது மோட்டாரைத் தானாக நிறுத்தும் டைமர்களை ஐந்து மெஷினுக்கும் போட நினைத்திருந்தார்.

அளவெடுப்பதற்கு வேறொருவர் ஏற்கனவே ஒரு செட்டப் செய்து கொடுத்திருந்தார். மூன்று ஃபேஸுக்கும் (ஆர், ஒய், பி) வயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் மூன்று கிளாம்ப், வோல்ட்டேஜுக்கு மூன்று சின்ன டிரான்ஸ்ஃபார்மர், இவை ஆறையும் படித்து எண்ணாக மாற்றும் ஒரு டேக் கார்டு, ஒரு லேப்டாப். சும்மா ஓடும்போது திரை காட்டியது 1073 வாட். ஈபி மீட்டரை வைத்துக் கணக்குப் போட்டால் அதைவிட நன்றாகவே குறைவு. வேலை நடக்கும்போது ஒரு மணி நேர யூனிட்டை ஒப்பிட்டாலும் இந்தச் செட்டப் ஆறு சதவீதம் போலக் கூடுதலாகக் காட்டியது. அதை "மீட்டருக்கு மீட்டர் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிட்டார்கள். சும்மா ஓடும்போது வந்த வித்தியாசத்தை அப்படி விட முடியவில்லை.

"ஈபி மீட்டர் கம்மியா ஓடுதுன்னு நான் எதுக்குங்க புகார் குடுக்கணும்?" என்று சிரித்தார் ஓனர். நியாயம்தான். ஆனால் டைமர் வாங்கும் கணக்கு அந்த 1073-ஐ நம்பித்தான் நின்றது.

பெருக்கும் எண் சரிதானா?

இந்த மாதிரிப் பஞ்சாயத்தில் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பெருக்கும் எண்ணைத்தான். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். கிளாம்ப்பின் உடம்பில் 100 ஆம்பியருக்கு 1 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. அதாவது ஒரு ஆம்பியருக்கு 10 மில்லிவோல்ட். கார்டு படிக்கும் வோல்ட்டை 100-ஆல் பெருக்கினால் ஆம்பியர். மென்பொருளிலும் 100 என்றுதான் இருந்தது. கையில் பிடித்து ஆம்பியர் பார்க்கும் டாங் டெஸ்டரை அதே வயரில் மாட்டிப் பார்த்தால் 6 ஆம்பியர். திரையிலும் 6.0.

இந்தப் பெருக்கலை, கார்டு கணத்துக்குக் கணம் படித்தெடுக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியாகச் செய்யலாம். 100 ஆம்பியருக்கு 1 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் (அலை முழுவதற்குமான பயனுறு) மதிப்பாக இருந்தாலும், அந்தந்தக் கணத்தின் மதிப்புக்கும் விகிதம் அதேதான். ரூட் டூவை எங்கேயாவது நுழைக்க வேண்டுமோ என்று சிலர் குழம்புவார்கள், தேவையில்லை.

கிளாம்ப்பின் ஜாதியைத் தெரிந்துகொள்வது இதைவிட முக்கியம். சில கிளாம்ப்கள் உள்ளேயே கரண்ட்டை நேர்ப்படுத்தி, அதன் அளவுக்கு ஏற்ற ஒரு டிசி வோல்ட்டேஜைத் தரும். மெஷினை இயக்கும் பிஎல்சி கன்ட்ரோலருக்கு வசதி. ஆனால் வாட் கணக்குக்கு உதவாது, ஏனென்றால் அலையின் வடிவமும் நேரமும் உள்ளேயே அழிந்துபோகும். மிஞ்சுவது ஆம்பியர் மட்டும். அதை வோல்ட்டேஜோடு பெருக்கினால் விஏ (வோல்ட்-ஆம்பியர்) கிடைக்கும், வாட் கிடைக்காது. இன்னும் சில கிளாம்ப்கள் வோல்ட்டேஜே தராது, கரண்ட்டைத்தான் தரும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் எஸ்சிடி-013-000 அப்படிப்பட்டது: 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர். அதற்குக் குறுக்கே நாம் ஒரு பர்டன் ரெசிஸ்டர் போட வேண்டும். 20 ஓம் போட்டால் 100 ஆம்பியருக்கு 1 வோல்ட். ரெசிஸ்டர் இல்லாமல் கரண்ட் போகும் வயரில் மாட்டினால், திறந்து கிடக்கும் முனைகளில் வோல்ட்டேஜ் எகிறும். பேனல்களில் இருக்கும் பெரிய சிடியில் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரில்) இது ஆளையே கொல்லும் விஷயம். நம் பிரஸ் ஷாப்பில் இருந்த கிளாம்ப்களில் ரெசிஸ்டர் உள்ளேயே இருந்தது. நேராகக் கார்டில் செருகலாம்.

கிளாம்ப்பின் அம்புக்குறி மூன்று ஃபேஸிலும் லோடு பக்கம் பார்த்திருந்தது. ஒன்று திரும்பியிருந்தால் அந்த ஃபேஸின் வாட் மைனஸில் போய், கூட்டுத்தொகை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். ஆர் ஃபேஸ் கிளாம்ப்புக்கு ஆர் ஃபேஸ் வோல்ட்டேஜ்தான் ஜோடியா என்பதையும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

கார்டின் ரேஞ்சில் மட்டும் ஒரு சின்னக் குறை. அது ±10 வோல்ட்டில் வைக்கப்பட்டிருந்தது. 16 பிட் கார்டில் ஒரு படி, அதாவது அது பிரித்தறியும் மிகச் சிறிய அளவு, என்பது சுமார் 0.3 மில்லிவோல்ட், நம் கிளாம்ப்புக்கு 30 மில்லி ஆம்பியர். 6 ஆம்பியர் என்றால் உச்சியில் 85 மில்லிவோல்ட்தான் வருகிறது. ரேஞ்சில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ±1 வோல்ட்டுக்கு மாற்றினால் படி பத்தில் ஒன்றாகும். மாற்றியதும் அலை வழவழப்பானது, வாட் மட்டும் அசையவில்லை. இரைச்சல் வோல்ட்டேஜ் அலையோடு ஒத்துப்போகாததால் பெருக்கிச் சராசரி எடுக்கும்போது அதுவாகவே கழிந்துவிடும். பிழை வேறெங்கோ இருந்தது.

மீட்டரை நம்பலாமா?

எதிர்க்கட்சியையும் விசாரிக்க வேண்டுமே. மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 1600 துடிப்பு என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு முறை சிவப்பு விளக்கு மினுக்கும்போதும் 0.625 வாட்-மணி, அதாவது 2250 வாட்-வினாடி போகிறது. ஷாப்பில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு பிரஸ்ஸைச் சும்மா ஓட விட்டு, மினுக்கலை எண்ணினால் வாட் கிடைத்துவிடும். லேப்டாப் பேட்டரியில் ஓடியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சும்மா ஓடும் மோட்டாரின் பவர் ஃபேக்டர், அதாவது விஏவில் வாட்டின் பங்கு, 0.2 அளவுதான் இருக்கும். வகுப்பு 1 மீட்டர் ஒரு சதவீதத்துக்குள் இருக்கும் என்ற வாக்குறுதி, பின்தங்கும் லோடில் பவர் ஃபேக்டர் 0.5 வரைக்கும்தான். அதற்குக் கீழே மீட்டரும் உளறலாம். அதனால் பேனலில் இருந்த 4 கேவார் (4000 வார்) கெபாசிட்டரை ஆன் செய்யச் சொன்னேன். மோட்டார் கேட்கும் வார் (வேலை செய்யாமல் போய்த் திரும்பும் பவர்) கிட்டத்தட்ட முழுவதையும் கெபாசிட்டரே கொடுத்துவிடுவதால், மீட்டருக்குத் தெரியும் பவர் ஃபேக்டர் 0.95-க்கு மேல் ஏறிவிடும். வாட்டில் கெபாசிட்டரின் சொந்த இழப்பான ஓரிரண்டு வாட் தவிர எதுவும் மாறாது. நம் கிளாம்ப்களோ கெபாசிட்டருக்கு அந்தப் பக்கம், மோட்டாருக்குப் போகும் வயரில் இருந்தன. அவற்றுக்கு அதே 0.2 தான் தெரியும். மீட்டருக்கு எளிதான கேள்வி, கிளாம்ப்புக்குக் கடினமான கேள்வி, இரண்டுக்கும் பதில் ஒன்றாக இருக்க வேண்டும்.

40 மினுக்கலுக்கு 104 வினாடி. 90,000-ஐ 104-ஆல் வகுத்தால் 865 வாட். திரையில் அப்போதும் 1073. வித்தியாசம் 208 வாட், அதாவது 24 சதவீதம். 415 வோல்ட், 6 ஆம்பியர், மூன்று ஃபேஸ் என்றால் 4313 விஏ. 865-ஐ அதனால் வகுத்தால் பவர் ஃபேக்டர் 0.2. காலி ஓட்டத்தில் இருக்கும் மோட்டாருக்கு எதிர்பார்த்ததுதான்.

ஆம்பியர் சரி, வோல்ட் சரி, வாட் தப்பு. மிச்சம் இருப்பது அவை இரண்டுக்கும் இடையிலான கோணம் ஒன்றுதான். அதன் கொசைன்தான் பவர் ஃபேக்டர்.

ஹீட்டர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை

செட்டப்பை அமைத்தவர் அதைச் சோதிக்காமல் விடவில்லை. ஒரு 2000 வாட் ஹீட்டரைப் போட்டு, டாங் டெஸ்டர் ஆம்பியரையும் மல்டிமீட்டர் வோல்ட்டையும் பெருக்கி, திரையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்திருக்கிறார். ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போனது. அந்தத் தாளையும் காட்டினார்கள். சோதனையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பிழை அந்தச் சோதனையில் தெரியவே தெரியாது.

ஹீட்டரில் வோல்ட்டேஜும் கரண்ட்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். கோணம் பூஜ்யம். செட்டப் அதில் 2.5 டிகிரி பிசகினாலும், 2.5 டிகிரியின் கொசைன் 0.999. ஆயிரத்தில் ஒன்றுதான் குறையும். அதே 2.5 டிகிரி பிசகு 0.85 பவர் ஃபேக்டரில் 2.6 சதவீதம், 0.5-ல் 7.5 சதவீதம், 0.2-ல் 21 சதவீதம். கொசைன் வளைவு உச்சியில் தட்டையாக இருக்கிறது, கீழே வரவரச் செங்குத்தாகிறது. முழு லோடில் நல்லபிள்ளையாக நடந்துகொள்ளும் கருவி காலி ஓட்டத்தில் கவிழ்வதன் ரகசியம் இவ்வளவுதான்.

ஆனால் அதே ஹீட்டரிடம் வேறு கேள்வி கேட்கலாம். வாட்டை விட்டுவிட்டு வாரைப் பார்க்க வேண்டும். சுத்தமான ஹீட்டருக்கு வார் பூஜ்யமாக இருக்க வேண்டும். மென்பொருளில் வார் கணக்கு இருந்தது, திரையில் மட்டும் காட்டாமல் மறைத்து வைத்திருந்தார்கள். திறந்து பார்த்ததும் ஆர் ஃபேஸில் 2000 வாட்டுக்கு 87 வார், கரண்ட் முந்தும் பக்கம். 87-ஐ 2000-ஆல் வகுத்தால் 0.0435, அதாவது 2.5 டிகிரி. ஹீட்டரை பி ஃபேஸுக்கு மாற்றினோம்: 84 வார், 2.4 டிகிரி. ஒய் ஃபேஸில் 126 வார், 3.6 டிகிரி.

மோட்டாரின் கரண்ட் உண்மையில் 78 டிகிரி பின்தங்கி நிற்கிறது. செட்டப்புக்கு அது இரண்டரை டிகிரி முந்தி, 76 போலத் தெரிகிறது. ஒய் ஃபேஸில் 75-க்கும் கீழே. மூன்று ஃபேஸுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கூட்டினால் 1073 வாட் வருகிறது. திரையில் இருந்த அதே எண்.

அந்த டிகிரிகள் எங்கிருந்து வந்தன

மூன்று இடங்களிலிருந்து.

முதலாவது கார்டு. இந்த விலையில் வரும் கார்டுகள் பலவற்றில் எண்ணாக்கும் சிப் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஆறு சேனல்களையும் அது வரிசையாக ஒவ்வொன்றாகப் படிக்கும். இங்கே ஒவ்வொரு சேனலுக்கும் வினாடிக்கு 10,000 மாதிரி, ஆறுக்கும் சேர்த்து 60,000. ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 16.7 மைக்ரோ செகண்ட். சேனல்களை முதலில் மூன்று வோல்ட்டேஜ், பிறகு மூன்று கரண்ட் என்று அழகாக அடுக்கியிருந்தார்கள். அதனால் ஆர் ஃபேஸ் வோல்ட்டேஜுக்கும் ஆர் ஃபேஸ் கரண்ட்டுக்கும் நடுவே மூன்று இடைவெளி, 50 மைக்ரோ செகண்ட். 50 ஹெர்ட்ஸில் ஒரு டிகிரி என்பது 55.6 மைக்ரோ செகண்ட். ஆக 0.9 டிகிரி இங்கேயே போய்விட்டது. ஒரு கணத்தின் வோல்ட்டேஜை அதற்கு 50 மைக்ரோ செகண்ட் பிந்திய கரண்ட்டோடு பெருக்கும்போது, கரண்ட் அந்த அளவுக்கு முந்தி வந்துவிட்டதாகக் கணக்கில் பதிவாகிறது.

இரண்டாவது கிளாம்ப். மாற்று மின்னோட்டத்துக்கான சாதாரணக் கிளாம்ப் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்தான். இரும்பைக் காந்தமாக்கவே கொஞ்சம் கரண்ட் செலவாகிறது. அந்தச் செலவால் வெளிவரும் சிக்னல் உண்மைக் கரண்ட்டைவிடச் சற்று முந்தி நிற்கும். கரண்ட் குறையக் குறைய இந்தக் கோணம் கூடும். ஐஇசி 61869-2 தரத்தில் வகுப்பு 1 சிடிக்கு முழுக் கரண்ட்டில் 60 நிமிடம், அதாவது 1 டிகிரி வரை அனுமதி. 20 சதவீதக் கரண்ட்டில் 90 நிமிடம். 5 சதவீதத்தில் 180 நிமிடம், முழு 3 டிகிரி! 100 ஆம்பியர் கிளாம்ப்பில் 6 ஆம்பியர் என்பது அந்தக் கடைசிப் படிக்கு மிக அருகில். வோல்ட்டேஜ் பக்கத்துச் சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்கும் அதன் பங்குக்கு ஒரு கோணம் உண்டு. கிளாம்ப்பும் அதுவும் சேர்ந்து நிகரமாக 1.6 டிகிரி.

மூன்றாவது, ஒய் ஃபேஸ் மட்டும் ஏன் 3.6? கிளாம்ப்பைத் திறந்து பார்த்தால் வாய் சேரும் இடத்தில் எண்ணெயும் இரும்புத் தூளும் படிந்து ஒரு படலம். பிரஸ் ஷாப்பில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வாய் முழுதாக மூடாவிட்டால் நடுவே காற்று இடைவெளி விழும். காந்தமாக்கும் கரண்ட் கூடும், கோணமும் கூடும். ஆம்பியர் அளவு பெரிதாக மாறாததால் டாங் டெஸ்டர் ஒப்பீட்டில் இது சிக்கவில்லை. எலக்ட்ரீஷியன் தம்பி துணியில் துடைத்து மாட்டியதும் ஒய் ஃபேஸும் 2.5-க்கு வந்துவிட்டது. செலவு: ஒரு பனியன் துணி.

திருத்தம்

கார்டின் வரிசையை மாற்றியது எளிய வேலை. ஆர் வோல்ட்டேஜ், ஆர் கரண்ட், ஒய் வோல்ட்டேஜ், ஒய் கரண்ட் என்று ஜோடி ஜோடியாக அடுக்கி, இரண்டு சேனல்களுக்கு இடையிலான நேரத்தையும் 5 மைக்ரோ செகண்டாகக் குறைத்தோம். 0.9 டிகிரி 0.09 ஆனது. அதற்கும் கீழே போக ஆசைப்படவில்லை. ஒரு சேனலிலிருந்து அடுத்ததற்கு மிக வேகமாகத் தாவினால் முந்தைய சேனலின் வோல்ட்டேஜ் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். சில வோல்ட்டுக்கு அடுத்து சில மில்லிவோல்ட்டைப் படிக்கும் இடத்தில் அது புதுப் பிழை. எல்லாச் சேனல்களையும் ஒரே கணத்தில் படிக்கும் கார்டு இருந்தால் இந்தத் தலைவலி கிடையாது, ஆனால் அதன் விலைக்கு இங்கே நியாயம் இல்லை.

மறுபடி ஹீட்டர். இப்போது 59 வார், 1.7 டிகிரி. இதை மென்பொருளில் சரிசெய்யலாம்: கரண்ட் மாதிரிகளை 94 மைக்ரோ செகண்ட் தாமதப்படுத்த வேண்டும். மாதிரிகளுக்கு இடையே 100 மைக்ரோ செகண்ட் இருப்பதால், பக்கத்துப் பக்கத்து மாதிரிகளை நேர்கோட்டில் இணைத்து நடுவில் விழும் மதிப்பை எடுத்துக்கொண்டோம். அப்புறம் ஹீட்டர் பூஜ்யத்துக்கு அருகில் நின்றது.

இந்த 1.7 எல்லாக் கரண்ட்டுக்கும் பொருந்தாது என்பதால் இன்னும் இரண்டு இடத்தில் பார்த்தேன். 1000 வாட் ஹீட்டரில், 4.2 ஆம்பியரில், 1.8 டிகிரி. 2000 வாட் ஹீட்டரின் வயரைக் கிளாம்ப்புக்குள் ஐந்து சுற்றுச் சுற்றியபோது 0.9. ஐந்து சுற்று என்றால் கிளாம்ப்புக்கு 8.3 ஆம்பியர் 41 ஆம்பியராகத் தெரியும். திரையில் வருவதை ஐந்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். சின்னக் கரண்ட்டைப் பெரிய கிளாம்ப்பில் அளக்கும்போது, வயர் வளையும் என்றால் இதைவிட மலிவான வழி இல்லை. மோட்டார் வயரில் அதற்கு இடம் இல்லாததால், கரண்ட்டுக்கு ஏற்பக் கோணத்தை எடுக்கும் சின்ன அட்டவணை ஒன்றை மென்பொருளில் போட்டோம்.

சராசரி எடுக்கும் நேரத்தையும் மாற்றினேன். அவர்கள் கண்மூடித்தனமாக 250 மில்லி செகண்ட் எடுத்திருந்தார்கள், அதில் பன்னிரண்டரை அலை. 10 முழு அலையாக, பூஜ்யத்தைக் கடக்கும் இடத்திலிருந்து பூஜ்யத்தைக் கடக்கும் இடம்வரை எடுத்ததும் கடைசி இலக்கத்தின் ஆட்டம் குறைந்தது. நம் கிரிட்டின் அலைவெண் 50-ஐச் சுற்றி எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டிருக்கும், அதனால் கடிகாரத்தை நம்புவதைவிட அலையையே எண்ணுவது மேல்.

கெபாசிட்டர் ஆனில் மறுபடி ஒப்பிட்டோம். மீட்டர் 865, திரை 872. இந்தப் பவர் ஃபேக்டரில் 0.1 டிகிரி சந்தேகம் இருந்தாலே 0.85 சதவீதம், அதாவது 7 வாட். எனவே இதற்கு மேல் ஒத்துப்போக வேண்டும் என்று கேட்பது வீண். அறிக்கையில் 870 என்று எழுதினேன்.

கணக்கு என்ன ஆனது

ஒரு பிரஸ் நாளைக்கு 4 மணி நேரம் சும்மா ஓடுகிறது, வருடத்துக்கு 300 நாள் என்பது ஓனர் சொன்ன மதிப்பீடு. 1200 மணி நேரம். பழைய எண்ணில் 1288 யூனிட், புதிய எண்ணில் 1044. ஒரு மெஷினுக்கு ஏறக்குறைய 244 யூனிட் காற்றில் இருந்தது.

மீதமுள்ள 1044-ம் முழுதாக மிச்சமாகாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. நிறுத்தினால் மறுபடி கிளப்ப வேண்டும். நின்ற ஃபிளைவீலை வேகத்துக்குக் கொண்டுவர மோட்டார் நல்ல கரண்ட் இழுக்கும், அடிக்கடி செய்தால் சூடேறும். அதை அளக்கப் போனபோது ±1 வோல்ட் ரேஞ்ச் போதவில்லை. மோட்டாரை முதலில் குறைந்த வோல்ட்டேஜில் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர், முழு வோல்ட்டேஜ் தரும் டெல்டாவுக்கு மாறும் கணத்தில் சில அலைகள் 100 ஆம்பியர் உச்சியைத் தாண்டித் தலை வெட்டுப்பட்டன. ஸ்டார்ட்டை அளப்பதற்கு மட்டும் பழைய ±10 வோல்ட்டுக்கே திரும்பினோம். பெரிய கரண்ட்டில் படியின் அளவு ஒரு பொருட்டில்லை.

"அப்ப அஞ்சுக்கும் வேண்டாங்களா சார்?" என்றார் ஓனர். அதிக நேரம் சும்மா ஓடுவது எவை என்று கேட்டேன். யோசிக்காமல் வாசல் பக்கத்து இரண்டைக் காட்டினார். அந்த இரண்டுக்கும் மட்டும், 10 நிமிடம் யாரும் மிதிக்காவிட்டால் நிறுத்தும்படி டைமர் போட்டார்கள். கிளாம்ப் பெட்டியின் மூடியில் எலக்ட்ரீஷியன் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார்: "வாய் துடைக்கவும். ஹீட்டர் போட்டு வார் பார்க்கவும்."